எறும்பு, குளவி, தேள்

திண்டிவனத்திலிருந்து வரும் காலைப் பாசஞ்சர் விழுப்புரம் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது நீளமாக ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். அந்த ரயிலில் என்னைக் கொல்ல ஒன்றும் ஆள் வரவில்லை. நாற்பது வயசுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு ரெக்சின் பை, பைக்குள் டிபன் டப்பாவும் ஒரு ஜோடி மர ஸ்கேலும். அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஊதலுக்குப் பிறகு இருபது நிமிஷம் எனக்குக் காபி இறங்காது.

ஒரு சின்ன நர்சிங் ஹோமின் பின்கட்டு அறையில் அவருக்கு வேலை. கை கால் ஒடிந்து கட்டுப் பிரித்தவர்களுக்கு உடம்பை மறுபடி அசைக்கச் சொல்லிக்கொடுப்பார். அந்த வேலைக்கு ஒரு பெயர் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. எக்ஸர்சைஸ் அம்மா என்போம். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் டாக்டரம்மா என்று கும்பிடுவார்கள். "டாக்டர் இல்ல. எக்ஸர்சைஸ் சொல்லிக்குடுக்கறவ" என்று ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். கும்பிடுகிறவர் கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விட மாட்டார். ஒரு தடவை நாலு பேர் சேர்ந்தாற்போல வந்து டாக்டரம்மா என்று கும்பிட, நாலு பேரையும் தனித்தனியாகத் திருத்தினார். எனக்கே சலித்துவிட்டது.

நான் அவர் கையில் மாட்டிய கதை இதுதான். ஆவணியில் எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு திண்டிவனம். புரட்டாசி மழையில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடிப்படியில் வழுக்கி இடது முட்டியில் விழுந்தேன். முட்டிச் சில்லு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி போட்டுக் கட்டினார்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. கார்த்திகையில் கட்டை அறுத்தெடுத்தபோது உள்ளே இருந்த கால் என்னுடையது மாதிரியே இல்லை. முருங்கைக் குச்சியாக இளைத்து, நீட்டியது நீட்டியபடி கிடந்தது. மடக்கு என்றார் டாக்டர். எனக்கு எப்படி மடக்குவது என்றே மறந்துபோயிருந்தது.

கல்யாணம் தை மாதக் கடைசி முகூர்த்தம். மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். திண்டிவனத்தாரிடம் அம்மா என்ன சொல்லியிருந்தாள் தெரியுமா? சுளுக்கு. ஆபரேஷன் என்றால் ஊனமான பெண் என்பார்கள், கம்பி வைத்த காலோடு பிள்ளை பெறுவாளா என்பார்கள், சம்பந்தம் முறிந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் என்னை உயரமான மேஜையில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொன்னார். தொங்கவில்லை. பலகையாக நீட்டிக்கொண்டு நின்றது. கூட இருந்த நர்ஸ், "ஒண்ணும் வலிக்காதும்மா, பயப்படாத" என்றாள். எக்ஸர்சைஸ் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"வலிக்கும். மூணு விதம் இருக்குது. எறும்புன்னா பேசிக்கினே இருக்கலாம். குளவின்னா பேச முடியாது, எண்ண முடியும். தேளுன்னா எண்ணவும் முடியாது, நான் எண்ணுவேன். எதுன்னு முன்னாடியே சொல்லிடுவேன். பத்து எண்ணுனா கையை எடுத்துடுவேன்."

இன்றைக்கு எது என்று கேட்டேன். குளவி என்றார். என் கணுக்காலைப் பிடித்து அழுத்தினார். குளவிதான். கத்திக்கொண்டே எண்ணினேன். பத்தில் கையை எடுத்தார். பதினொன்றுக்கு அவர் போனதே இல்லை. பத்தை இழுத்து இழுத்து எண்ணுகிற ஏமாற்று வேலையும் அவரிடம் கிடையாது.

கேட்பதற்கு நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு காத்திருப்பது எவ்வளவு பெரிய பயம் என்பது காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் பையை ஆணியில் மாட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, என் பக்கம் வந்து நிற்பார். வாயைத் திறக்கும்வரை எனக்கு மூச்சே வராது. 'தேள்' என்று சொன்ன நாட்களில் மேஜையிலிருந்து குதித்து ஓடிவிடலாமா என்று தோன்றும். ஓடுகிற காலா அது?

வலியைச் சமாளிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மாத்திரையை வலி வந்த பிறகு போட்டு என்ன பிரயோஜனம், மடக்குவதற்கு அரை மணி முன்னால் போடு என்பார். முதலில் வெந்நீர்ப் பை, முடிந்ததும் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம். படுக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும், முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. சாயங்கால வலியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மறுநாள் காலையிலும் அதே வலி இருந்தால் மட்டும், "நேத்து நான்தான் ஜாஸ்தி பண்ணிட்டேன்" என்பார். தன் தப்பைக்கூட மறைக்கத் தெரியாத மனுஷி.

அந்த மர ஸ்கேல்களைச் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்கேல்களை ஒரு திருகாணியால் இணைத்து, நடுவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கோணமானியை ஒட்டியிருந்தார். அதை என் முட்டியின் பக்கவாட்டில் வைத்து எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்பார். ஒரு நாள் முப்பத்திரண்டு என்றார். முப்பத்தைந்து என்றே எழுதிவிடுங்கள், பெண்ணுக்கு ஒரு தெம்பாக இருக்கும் என்று அம்மா கெஞ்சினாள். "முப்பத்தி ரெண்டுதாங்க இருக்குது" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று டிகிரி கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அம்மா வீடு வரும்வரை ரிக்ஷாவில் திட்டிக்கொண்டு வந்தாள்.

பக்கத்து மேஜையில் ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தார். வானூர்ப் பக்கம் வண்டி கவிழ்ந்து முட்டியும் தொடையும் நொறுங்கியவர். ஒரு நாள் அவர் கேட்டார், நடப்பேனா என்று. நடப்பீர்கள் என்றார் இவர். வண்டி ஓட்டுவேனா என்று கேட்டார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். இவர், "கிளட்ச்சு மிதிக்கிற அளவுக்கு இந்தக் காலு வராதுங்க. வேற தொழில் யோசிக்கிறது நல்லது" என்றார். அந்த ஆள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். அன்றைக்கு இவர் டிபன் டப்பாவைத் திறக்காமலே பைக்குள் திருப்பி வைத்ததை நான் பார்த்தேன். எனக்கு அந்த நாக்கைக் கண்டு நடுக்கம் பிறந்தது அன்றைக்குத்தான். என்னைப் பற்றியும் இப்படி ஒரு நாள் சொல்லிவிட்டால்?

அதைவிடப் பெரிய நடுக்கம் மறுவாரம் வந்தது. பேச்சுவாக்கில் அவர் தன் தெருவின் பெயரைச் சொன்னார். மாப்பிள்ளை வீடும் அதே தெரு. இடையில் ஐந்தே வீடு.

அடுத்த நாள் அம்மா ஒரு பை நிறைய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். யாராவது கேட்டால் சுளுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மல்லாட்டையை வாங்கவில்லை.

"நானா போயி சொல்ல மாட்டேங்க. கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஒரு வார்த்த பொய் சொன்னா உங்களுக்கு என்னா கொறஞ்சிடும்? எம் பொண்ணு வாழ்க்கம்மா."

அவர் எங்களைப் பார்க்காமல் என் முட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப அவருகிட்ட எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னு சொல்லிக்கினே இருந்தோம். நானுந்தான் சொன்னேன். அவரு வீட்டுக்குப் போவணும்னு சட்டைய தொவைச்சி, மடிச்சி, தலமாட்டுல வச்சிக்கினு இருந்தாரு. எங்கிட்ட சொல்லணும்னு என்னென்ன வச்சிருந்தாரோ, கேக்காமலே போச்சு." சொல்லிவிட்டு வெந்நீர்ப் பையை எடுத்துவரப் போய்விட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த சொந்த விஷயம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பயம். ஒன்று அவர் கை. இன்னொன்று அவர் வாய். பாசஞ்சர் ஊதியதும், நேற்றுக் கேட்டிருப்பார்களோ, சொல்லியிருப்பாரோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர் அறைக்குள் நுழைந்ததும் எறும்பா தேளா என்பதைவிட, முகத்தில் வேறு ஏதாவது தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த முகத்தில் எதுவும் தெரியாது. கேட்கவும் பயம். கேட்டால் சொல்லிவிடுவாரே.

மார்கழி பாதியில் ஒரு காலை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தவர், "நேத்து உன் மாமியாரு தெருக்குழாய்ல கேட்டாங்க" என்றார்.

சுளுக்குக்கு இத்தனை நாளா என்று கேட்டார்களாம். எலும்பு உடைந்தது, கம்பி போட்டிருக்கிறது, மடங்கிக்கொண்டு வருகிறது என்று இவர் சொன்னாராம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் நோயாளியின் விஷயத்தைத் தெருவில் சொல்வாளா என்று கத்தினாள். அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அது நியாயமான கேள்விதான். அவர், "தெரியாதுன்னு சொன்னா அது பொய்யி. சொல்ல மாட்டேன்னா ஏதோ பெருசா இருக்குதுன்னு நெனைப்பாங்க" என்றார்.

வேறு என்ன கேட்டார்கள் என்று நான்தான் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். மணையில் உட்காருவாளா என்று கேட்டார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னேன்."

என் முட்டி அன்றைக்கு எழுபத்தெட்டு டிகிரி. அதை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அன்று அவரை நான் மனதார வெறுத்தேன். அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் சாப்பிடவில்லை. தபால்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினால் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். முறித்துக்கொள்கிறோம் என்று ஒரு கார்டு வந்தால் அதை முதலில் படிக்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

கார்டு வரவில்லை. எட்டாம் நாள் எக்ஸர்சைஸ் அம்மா அறைக்குள் வர, அவர் பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அதே பாசஞ்சரில் வந்திருக்கிறார். நல்ல உயரம், அகலமான நெற்றி. கும்பிட்ட அம்மாவுக்கு ஒரு தலையசைப்பு. சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எக்ஸர்சைஸ் அம்மா யாரும் வராதது மாதிரி என் கணுக்காலைப் பிடித்து, "தேள்" என்றார்.

வருங்கால மாமியார் முன்னால் கத்தக் கூடாது என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். மூன்றாவது எண்ணிக்கையில் கை தானாக விலகிவிட்டது. என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பத்து எண்ணி அவர் கையை எடுத்தபோது, சுவரோரம் நின்றவர் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"இம்மாம் வலிய வச்சிக்கினு சுளுக்குன்னு சொல்லியிருக்கீங்களே சம்மந்தி. எங்களை என்னான்னு நெனைச்சிங்க?"

அம்மா அழுதாள். கல்யாணம் நிற்காது, ஆனால் மணையில் உட்கார்ந்தாக வேண்டும் என்றார் அவர். நாற்காலி போட்டு உட்காரவைத்தால் வந்த சனம் கேள்வி கேட்கும், ஒரு காலுக்கு ஒன்பது கதை கட்டும், பிறகு ஆயுசுக்கும் அந்தக் கதைதான் அவள் பேராக இருக்கும் என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் என்னைப் பற்றி அவரும் பயப்படுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மணையில் உட்காராவிட்டால் என் கதி அவ்வளவுதான் என்று மட்டும் புரிந்தது.

முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதச் சொச்சம்தான் இருந்தது. அந்த அவசரத்தில் அம்மா ஒரு காரியம் செய்தாள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து எண்ணெய்க்கட்டுப் போடுகிற ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தாள். அவர் சூடான எண்ணெய் விட்டு முட்டியை உருவி, ஒரே இழுப்பில் சரிசெய்கிறேன் என்று மடக்கினார். வலிக்காதும்மா என்று சொல்லிவிட்டுத்தான் மடக்கினார். மறுநாள் முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கிக் கொதித்தது.

எக்ஸர்சைஸ் அம்மா அறைக்குள் வந்ததும் எண்ணெய் வாசனையை முகர்ந்துவிட்டார். யார் தேய்த்தது என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்து நாள் அசைக்கக் கூடாது என்றார்கள். ஐந்து நாள்! ஐஸை வைத்துக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடந்தேன். கம்பி நகர்ந்திருக்குமோ, மறுபடி அறுப்பார்களோ, மணமேடையில் விறைத்த காலோடு நிற்கும் என்னைப் பார்த்து ஜனங்கள் குசுகுசுப்பார்களோ என்று ஒன்று மாற்றி ஒன்று. ஆறாம் நாள் அளந்தார். தொண்ணூற்றுக்கு வந்திருந்த கால் எழுபதில் நின்றது. சரியாகிவிடுமா என்று அம்மா ஈனக்குரலில் கேட்டாள்.

"தெரியலைங்க. முயற்சி பண்ணலாம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் முறையே மாறியது. நர்சிங் ஹோம் பின்பக்கம் கிடந்த செங்கற்களைக் கொண்டுவந்து நான்கு அடுக்கு அடுக்கினார். அதன் மேல் ஒரு மணைப்பலகை. அதன் முன்விளிம்பில் என்னை உட்காரவைத்து, காலை முன்னால் தரையில் மடித்து வைக்கச் சொன்னார். உயரத்தில் உட்கார்ந்தால் முட்டி அதிகம் மடங்க வேண்டாம். அது பழகியதும் ஒரு அடுக்கை எடுத்துவிடுவார். ஒவ்வொரு அடுக்கு எடுக்கும்போதும் தேள். இரண்டு மூன்று நாளில் குளவி. அது எறும்பாகும் நேரத்தில் அடுத்த அடுக்கை எடுப்பார். செங்கல்லை அவர் கையில் பார்த்தாலே எனக்கு அழுகை வந்துவிடும். நாலு மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. சாயங்கால ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் திண்டிவனம் போன நாட்களும் உண்டு.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை கடைசியாகப் போனேன். ஒரு அடுக்கு மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. இரண்டு முறை சாய்ந்து விழுந்தேன். மூன்றாவது முறை அவர் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நாளைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உட்கார்ந்துவிடுவாய் என்று சொல்ல மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்தேன்.

"ஒரு செங்கல் பாக்கிம்மா" என்றார். என் தலையில் கையை வைத்தார்.

கல்யாண மண்டபம் திண்டிவனத்தில். விடிந்ததும் மாத்திரை போட்டு, அரை மணி கழித்து என்னை மேடைக்கு அழைத்து வந்தார்கள். கீழே முழுக்க ஜனம். ஒவ்வொரு தலையும் என் காலையே பார்ப்பது போலிருந்தது. மெதுவாக உட்காரு, ஒண்ணும் வலிக்காது என்று ஒரு சித்தி காதில் சொன்னாள். அப்போதுதான் மணைகளைப் பார்த்தேன். இரண்டு மணையும் தரையில் படியாமல் தூக்கலாக இருந்தன. மேலே ஜமுக்காளம் மடித்துப் போட்டு, ஓரங்களைச் சொருகியிருந்தது.

ஏன் இந்த உயரம் என்று ஐயர் கேட்டார்.

"எங்க வழக்கம் இது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கண்ணைக்கூட இமைக்கவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து, மாலையைச் சரிசெய்கிற சாக்கில் சொன்னார். "நேத்து அந்தம்மாவ கேட்டேன். ஒரு செங்கல் பாக்கின்னாங்க. ஒண்ணு ஒசரம் ஒண்ணு பள்ளம்னு இருக்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் வச்சிட்டேன். பாத்து உக்காரு."

கூட்டத்தின் கடைசியில், தூணோரம், ரெக்சின் பையோடு அவர் நின்றிருந்தார். எங்க வழக்கம் என்ற பேச்சு அங்கேயும் கேட்டிருக்கும். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் அவரும் எதுவும் சொல்லவில்லை. நான் அவரையே பார்த்தேன். அவர் உதடு மட்டும் அசைந்தது.

குளவி.

தேள் என்று நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தேன். முன்விளிம்பில் உட்கார்ந்து, புடவைக்குள் இடது காலை மடித்தேன். குளவிதான். எண்ண முடிந்தது. பத்து முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பதினோராவது பத்தில் கெட்டிமேளம் கொட்டினார்கள்.